வீட்டுக்கு வீடு சம்மதம்

இருபத்தாறு மணி நேரமாக பிலோமினா யாரிடமும் பேசவில்லை. அரண்மனை நர்ஸான அவளைக் காரில் கொண்டுவந்து வீட்டில் விட்ட வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள், "வாயைத் திறந்தால் உன் புருஷன் உயிரோடு இருக்க மாட்டான்" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். எல்லா வீடுகளையும் போல அவள் வீட்டுச் சுவரிலும் கம்பெனி மாட்டிய பேசும் பெட்டி இருந்தது. அதற்குக் காதும் உண்டு.

அந்தத் தீவில் ஒரு வழக்கம். மண்ணை அந்நியருக்குக் கொடுப்பதென்றால் ராணியே வீட்டுக்கு வீடு கேட்க வேண்டும். ஒவ்வொரு வீடும் வாய்விட்டுச் சம்மதிக்க வேண்டும்.

கடலிலிருந்து சவரிமுத்து அப்போதுதான் வந்திருந்தான். பெட்டி பேசியது.

"சவரிமுத்து, நல்லா இருக்கியாப்பா?" ராணியின் அதே கரகரப்பு, அதே செல்ல இருமல். "தீவைக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்துரலாம்னு இருக்கேன். உனக்குச் சம்மதமா?"

அவன் பதறி எழுந்து, மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டான்.

"அம்மாவே கேக்குறாங்க பிலோமி! ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்குற?"

அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

"அம்மாகிட்டயே மாட்டேன்னு சொல்லவா? நல்லா இருக்குடி நீ சொல்றது" என்று சிரித்தபடி அவன் பெட்டியின் பக்கம் திரும்பினான்.

பிலோமினா ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினாள். பெட்டிக்கும் கேட்கும் என்று தெரிந்தே சொன்னாள்.

"அது அம்மா இல்லங்க. அம்மா நேத்து விடியக்காலம் என் மடியிலதான் செத்தாங்க."