கோபமே வராத சார்

“அந்தப் புரோத்ராபூர் சுதாகர்தானே உன்னையும் தன் கிளாஸுக்கு இழுத்துட்டான்?” என்று கேட்டார் சிவப்பிரகாசம். நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் காலி பெஞ்சுகள் எல்லாம் கண்ணில் படும்.

ஹம்னா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். மரைன் ஹில்லில் அவர் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் மாணவர் எவரும் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசி முடித்ததாகச் சரித்திரம் இல்லை.

போன மழைக்காலத்தில் உட்கார இடம் இல்லாமல் ஜன்னலோரம் நின்று படித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருப்பது ஹம்னா மட்டும்தான். அவளும் இன்றோடு நின்றுகொள்வதாகச் சொல்ல வந்திருக்கிறாள். அவளும் போய்விட்டால் வாசல் போர்டைக் கழற்ற வேண்டியதுதான் என்று சிவப்பிரகாசத்துக்கு உள்ளூரப் பயம். பயம் வந்தால் சிலர் குழைவார்கள். இவர் இன்னும் கொஞ்சம் கடிப்பார்.

“எங்கே, அவன் சொல்லிக் கொடுத்த லட்சணத்தைப் பாப்போம். ‘மலை மேல ஏறி வந்தேன்.’ இங்கிலீஷ்ல சொல்லு.”

“ஐ கிளைம்ப்ட்... அண்ட் கேம்... டு அப் சார்.”

“டு அப்பாம், டு அப்! உங்க வாப்பா கடையில ‘அப்’னு ஏதாவது ஊருக்குப் பார்சல் போகுதா?” மேஜையைத் தட்டினார். “தமிழ்ல ‘ஏறி’ன்னு ஒண்ணு, ‘வந்தேன்’னு ஒண்ணு, ரெண்டு வினை வேணும். வெள்ளைக்காரனுக்கு ஒண்ணு போதும். பின்னாடி திசையை ஒட்டவச்சுட்டுப் போயிடுவான். கம் அப், கோ டவுன், ரன் இன், ஸ்டெப் பேக். இதுகூட மண்டையில ஏறாம நீ படகுல நின்னு டூரிஸ்டுக்கு வழி சொல்லப் போறியாக்கும்!”

ஹேவ்லாக் தீவுக்குப் போகிற தனியார் படகில் பயணிகளை ஏற்றி இறக்கும் வேலைக்கு அவளுக்குத் திங்கட்கிழமை இண்டர்வியூ. மேலே ஏறுங்கள், கீழே இறங்குங்கள், கம்பியை விட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய வேலை.

“என் உச்சரிப்பைப் பதிவு பண்ணிட்டுப் போக பெங்களூர்லேர்ந்து ஆள் வந்தான், தெரியுமா? மெயின்லேண்ட்ல அவனுக்கு வாத்தியாரே கிடைக்கலையாம். சால்வை வேற போட்டான்.” ஆணியில் தொங்கிய சால்வையை மோவாயால் காட்டினார். “அப்பேர்ப்பட்ட என் முன்னாடி நின்னுக்கிட்டு டு அப்ங்கிறே!”

“வீட்டுல கரெக்டா வருது சார். உங்க முன்னாடி நின்னாதான் பில்குல் மறந்துருது.”

“வீட்டுக்கே வந்து சொல்லித் தர்றானா அவன்?”

“எப்பக் கேட்டாலும் சொல்லித் தருவாரு சார். எத்தனை தடவை தப்பாச் சொன்னாலும் கோபமே வராது. பரவால்ல, இன்னொரு தடவை சொல்லுன்னுதான் சொல்வாரு.” அவள் தயங்கினாள். “நெசமாவே உங்களுக்கு அவரைத் தெரியாதா சார்? அவரு வந்து...”

“தெரியாம என்ன! நேத்து வரைக்கும் என் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்ன பய.” சிவப்பிரகாசம் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் திட்டுவதே மேல். “பரவால்ல, பரவால்லன்னு தடவிக் கொடுக்கிறவன்கிட்ட சரக்கு இருக்காதும்மா. அதான் தேன் தடவிப் பேசறான். நீங்களும் மயங்கிப் போய் வரிசையா நிக்கிறீங்க. அவன்கிட்ட படிச்சு எவன் உருப்பட்டான்?”

“மீனாவுக்கு ரிசார்ட்ல வேலை கிடைச்சிருச்சு சார். ஆமிருக்கும்...”

“போதும்!” முகம் சிவந்துவிட்டது அவருக்கு. “அவனை இங்கே கூட்டிட்டு வா. என் முன்னாடி ஒரே ஒரு வாக்கியம் பேசட்டும். குரலைக் கேட்டே ஆளு எப்படின்னு சொல்லிடுவேன். மடையன்னா மடையன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்றேன்.”

“கூட்டிட்டு வர வேணாம் சார். இங்கேதான் இருக்காரு.”

ஹம்னா பையிலிருந்து ஃபோனை எடுத்து மேஜையில் வைத்தாள். விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

“குட் மார்னிங், ஹம்னா,” என்றது ஃபோன். நிதானமான, கனிவான ஆண் குரல். “டோன்ட் வொரி அபவுட் மிஸ்டேக்ஸ். ட்ரை ஒன்ஸ் மோர்.”

ஹம்னா அதன் பக்கம் குனிந்தாள். “ஐ கேம் அப் தி ஹில்,” என்றாள். ஒரு இடத்திலும் திக்கவில்லை.

“பியூட்டிஃபுல்!” என்றது அந்தக் குரல்.

சிவப்பிரகாசத்தின் கை மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டது. குரல் அவருடையதேதான். அந்த வார்த்தைகளைத்தான் அந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

“பெங்களூர்க்காரங்க ஆப் சார் இது,” என்றாள் ஹம்னா. “பேசறது மெஷின், குரல் மட்டும் உங்களோடது. நாங்க எல்லாரும் இதுலதான் படிக்கிறோம். சுதாகர் சார் யாருன்னே எங்களுக்குத் தெரியாது.”

அவர் ஃபோனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அந்த வகுப்பில் முதல் தடவையாக, மெதுவாகக் கேட்டார்.

“நான்தான் இங்கேயே உட்கார்ந்திருக்கேனேம்மா. அப்புறம் எதுக்கு அது?”

“அதுல நீங்க திட்ட மாட்டீங்க சார்.”