சுவரில் இடமில்லை

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும், நாளையிலிருந்து என் பல்செட் எனக்கே பொருந்தாமல் போகட்டும்.

மில்காரன் ஸ்டூல்மேல் நின்றான். கையில் சுத்தியல். கக்கத்தில் சட்டம் போட்ட புதுச் சான்றிதழ்.

மாவு மில்லின் சுவரில் ஓர் ஆணி அடிக்க இடமில்லை.

நகராட்சி உரிமம். உணவுப் பாதுகாப்பு. தராசு முத்திரை. தீயணைப்பு. புகை வரவில்லை என்பதற்கு ஒன்று. எதையும் சும்மா கொடுப்பதில்லை. வருடம் திரும்பினால் புதுப்பிக்க மறுபடி கட்டணம். எல்லாம் வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டியாக வேண்டும். அது சட்டம்.

கட்டணம் கட்டாமல் அந்தச் சுவரில் இருந்தது அப்பாவின் படம் மட்டும்தான்.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிளகாய் அரைக்கிற நாளில் அது தும்மும். ஊரே கேட்டிருக்கிறது. நல்ல வற்றலுக்கு இரண்டு தும்மல். மட்டமான வற்றலுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெண்கள் அந்த வற்றலை அப்படியே கொண்டுபோய்க் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு கல்யாண வீட்டு மசாலாவுக்குத் தும்மிய வேகத்தில் படத்தின் கண்ணாடியே விரிந்துவிட்டது. விரிசல் இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம்.

சோதனைக்கு வரும் அதிகாரி தெருமுனைக்கு வந்துவிட்டார். இன்னொரு குறை கண்டால் மில்லுக்குச் சீல் என்று போன தடவையே சொல்லிவிட்டுப் போனவர்.

அவன் படத்தைக் கழற்றினான்.

சான்றிதழ் அதே ஆணியில் வாகாக உட்கார்ந்தது.

வற்றல் டப்பாவோடு காத்திருந்த பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏ மருமவனே, அப்பனை இறக்கிட்டுச் சர்க்காரை ஏத்திட்டியாக்கும்? இனி வெள்ளிக்கிழமை இதுக்குத்தான் ஊதுபத்தியா?"

"செத்த நேரந்தான் அத்தை. அவரு போகட்டும்."

மூட்டைகளுக்குப் பின்னால் படத்தை வைத்தான். மேலே ஒரு சாக்கைப் போட்டான்.

மூச்சு முட்டுமே என்று ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டான்.

"சத்தம் காட்டாம இருங்கப்பா."

அதிகாரி உள்ளே வந்தார். சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படித்தார். தீயணைப்பு வாளியில் மணல்தானா என்று விரலால் கிளறிப் பார்த்தார். மெஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார்.

ஓட்டினான். உள்ளே விழுந்தது பேச்சியம்மாளின் வற்றல்.

மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தும்மல்.

மூடப்போன பேனாவை அதிகாரி மூடவில்லை.

"உள்ள யாரு? வேலையாளா?"

வேலையாள் என்றால் அவருக்கு ஒரு பதிவு. டாக்டர் சான்று. காப்பீடு. அதையெல்லாம் மாட்ட இன்னொரு சுவர். இதுவரை பதியாததற்கு அபராதம். அதற்குப் பிறகு சீல்.

பேச்சியம்மாள் தரையைப் பார்த்தாள்.

"யாருமில்ல சார்," என்றான். "நான் ஒத்த ஆளுதான்."

அதிகாரி காத்திருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காற்றெல்லாம் நெடி. அதிகாரியே தும்மினார். பேச்சியம்மாள் தும்மினாள். அவனுக்குக் கண்ணில் நீர் வழிந்தது.

அந்த வற்றலுக்கு இரண்டாவது தும்மல் கட்டாயம் வர வேண்டும்.

வரவில்லை.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பேச்சியம்மாள் பொடியை வாங்கிக்கொண்டு போனாள். அவள் பேசாமல் போனதை ஊரில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவன் சாக்கைத் தூக்கவில்லை. மூட்டைகளுக்கு இந்தப் பக்கமே நின்றான்.

"அப்பா, அவரு போயாச்சு."

கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை சொன்னான், இன்னும் மெதுவாக.

என் பல்செட் ஆடுகிறது, சொல்லிவிடுகிறேன்: சாக்குக்கு அடியில் இருந்தது படமில்லை. அவனுடைய அப்பா இன்றுவரை ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டது கிடையாது.