அறுந்த கண்ணி

ஜெபிக்க வேண்டிய நேரத்தில் கண்ணாயி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

முழங்காலில்தான் இருந்தாள், அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தலை கட்டிலின் மேல் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. காப்பிப் பழம் பறித்த கறைகூட விரல்களில் அப்படியே இருந்தது.

வாசலில் வந்து நின்ற கலா அதைப் பார்த்துவிட்டாள். கண்டுபிடித்தாயிற்று. பத்து மாதமாகச் சபை காத்திருந்தும் ஆசீர்வாதம் இறங்காததற்கான காரணம், வெள்ளக்கடை கிராமத்தில் இந்தக் கட்டிலோரத்தில் இருந்திருக்கிறது!

சங்கிலி ஜெபம் என்று பெயர். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் வீட்டில். ஒருவர் எழும்போது அடுத்தவர் முழங்காலிட்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு நிமிடமும் விடுபடக் கூடாது. சபை உயிர்பெற வேண்டும், விலகிப்போன பிள்ளைகள் ஆலயத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதே விண்ணப்பம். அந்தப் பிள்ளைகளில் முதல் பெயர் தினேஷ். கலாவின் ஒரே மகன். ஆலயத்தில் கால் வைத்து நான்கு வருடம் ஆகிறது.

இதுவரை ஒருவரும் திரும்பவில்லை. பெஞ்சுகள்தாம் இன்னும் காலியாயின.

"தொடர்வதா, நிறுத்துவதா என்று ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவோம்" என்று ஆயர் ஜெப்சன் அறிவித்துவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து கலாவுக்குச் சோறு இறங்கவில்லை. நிறுத்திவிட்டால் தினேஷின் கதி என்ன? எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. அதை மாற்றிவிட்டால் கர்த்தர் செவிகொடுப்பார். இப்படி நினைத்து, இரண்டு நாட்களாக ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாயிக்கா!"

"ஆமென்" என்று சொல்லிக்கொண்டே விழித்தாள் கண்ணாயி. பிறகுதான் ஆளைப் பார்த்தாள். "அட, கலாம்மாவா! வாங்க சாமி, ஊட்டுக்குள்ள வாங்க. வரக்காப்பி வெக்கட்டுங்களா?"

"காப்பியெல்லாம் வேண்டாங்க. மணி என்னன்னு தெரியுமுங்களா?"

"அஞ்சு..."

"அஞ்சேகாலுங்க. இது யாரு நேரம்?"

"என்ற நேரந்தானுங்க."

"அப்பறம் ஏனுங்க இப்பிடித் தூங்கறீங்க? இன்னிக்கு மட்டுமா, தெனமுமா?"

கண்ணாயிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"முக்காவாசி நாளு கண்ணு சொக்கிருதுங்க. சித்த நேரந்தான். முழிச்சதும் விட்ட எடத்துல இருந்து புடிச்சுக்குவேனுங்க."

"விட்ட எடத்துல புடிக்கறதுக்கு இதென்ன பஸ்ஸுங்களா? நீங்க கண்ணு மூடுன எடத்துலயே சங்கிலி அறுந்து போச்சுங்க!"

"பறிப்புக் காலமுங்க சாமி. ஒடம்பு நொம்ப அசந்துருது."

"வேலை எல்லாருக்குந்தான் இருக்குது. நம்ம சங்கிலில இருக்கற மேனகாவும் ஓட்டல்ல அம்புட்டுப் பாத்திரத்தையும் கழுவிப் போட்டுட்டு வந்து முட்டி போடலீங்களா? 'அஞ்சு மணி, மறந்துறாதீங்க'ன்னு காலைல உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க. நீங்க ஒரு நாளும் தவறுனதில்லீங்க."

அதைக் கேட்டுக் கலாவின் கோபம் சற்றே இறங்கியது. பயம் மட்டும் இறங்கவில்லை. கைப்பையிலிருந்து பெயர்ப் பட்டியலை எடுத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க பேர எடுத்துட்டு, பட்டியல்ல இல்லாத நம்ம சபை சௌமியாவப் போடறேன். எனக்கு வேற வழி தெரியலீங்க. எம் பையன் இதுலதான் தொங்கிட்டு இருக்கறான்." பைக்குள் பேனாவைத் தேடினாள். "ஆண்டவரு ஏனுங்கக்கா இத்தனை நாளாக் காது குடுக்க மாட்டேங்கறாரு?"

கண்ணாயி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"தாமசம் பண்றாரு, அவ்வளவுதான் சாமி. மாட்டேன்னு சொல்லலியே. அவரு தாமசம் பண்றாருன்னு நாம எந்திரிச்சுப் போயிறக் கூடாதுங்க." விரல் கறையைப் புடவையில் துடைத்தாள். "நாந் தூங்குனது தப்புத்தான். சாயங்காலத்த சௌமியாகிட்டயே குடுத்துருங்க. காலைல இருக்கற மணிய மட்டும் எனக்கே உட்ருங்க. தினேசுக் கண்ணு பேரச் சொல்லாம எனக்கு இப்பப் பொழுதே விடியறதில்ல."

கலா பட்டியலை மறுபடி பார்த்தாள். கண்ணாயியின் பெயர் ஒரே இடத்தில்தான் இருந்தது.

"உங்களுக்கு ஏதுங்க காலைல?"

கண்ணாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லீங்க, உடுங்க. காப்பி வெக்கறேன்."

"காப்பி கெடக்கட்டும். எந்த மணியச் சொல்றீங்க?"

"ஆறுல இருந்து ஏழு."

"அது என்னோட மணியாச்சுங்களே!"

"ஆமாங்க." கண்ணாயி அவள் முகத்தைப் பார்க்காமல் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "அந்த நேரத்துலதான நீங்க பதினோரு பேருக்கும் போன் பண்ணி, மறந்துறாதீங்கன்னு சொல்லிட்டு இருக்கறீங்க? அந்த மணி சும்மாக் கெடக்கக் கூடாதேன்னு, பத்து மாசமா நாலு மணிக்கே எந்திரிச்சு ஊட்டு வேலைய முடிச்சுட்டு, உங்களுக்குப் பதிலா நாந்தானுங்க முட்டி போடறேன்."