துப்பாக்கிக்கு ஆள் இருக்கிறது

டோனட் தின்ற விரலோடுதான் லைல் ஒவ்வொரு துப்பாக்கியையும் எடுத்துப் பார்த்தார்.

கறுப்பு இரும்பின் மேல் வெள்ளைச் சர்க்கரைத் தூள் ஒட்டியது. வாயால் ஊதிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

டெபுடி வெர்னன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

ஷெரிஃப் அலுவலகத்தில் அன்று துப்பாக்கி மாற்றும் நாள். ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை வியாபாரி லைல் பாதிக் கடையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். இந்த மாவட்டத்தில் டெபுடிகள், அதாவது ஷெரிஃபின் காவலர்கள், இடுப்பில் கட்டுவது அவரவர் சொந்தத் துப்பாக்கி. பழையதைக் கொடுத்தால் புதியது. மனமில்லாதவர் பழையதையே வைத்துக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

பழையவற்றுக்கு வெளியில் நல்ல கிராக்கி. பக்கவாட்டில் மாவட்டக் காவலின் நட்சத்திரச் சின்னம் பொறித்திருக்கும் அல்லவா, அதற்காக.

"ரோட்டுல அடிபட்டுக் கிடந்த மானைத் தவிர என்னோடது யாரையும் சுட்டதில்ல லைல். புதுப்பொண்ணுன்னே சொல்லி வித்துருங்க" என்றாள் டெபுடி டார்லா.

அறை முழுக்கச் சிரித்தது. சிரித்த பிறகுதான் ஞாபகம் வந்தது போல. வெர்னனைப் பார்க்காமல் ஆளாளுக்குக் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

வெர்னனுடையது சுட்டிருக்கிறது.

ஒரே ஒரு முறை. நான்கு வருடத்துக்கு முன், தானியக் கிடங்குக்குப் பின்னால், பத்தொன்பது வயதுப் பையனை. பையன் கையில் இருந்தது டார்ச் லைட்.

தவறில்லை என்று விசாரணை முடிந்தது. துப்பாக்கி ஒரு காகித உறைக்குள் திரும்பி வந்தது. வேறு வாங்கினால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் அதையே மறுபடியும் கட்டிக்கொண்டான்.

அன்றிலிருந்து அதைத் தொட்ட கையால் ரொட்டியைத் தொடமாட்டான். அவனுடைய சின்ன மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டால், தோளைப் பிடித்து இடப்பக்கமாகத் திருப்பி நிறுத்துவான். அது ஏன் என்று குழந்தைக்குத் தெரியாது. அப்பாவுக்கு வலப்பக்கம் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு அதைத் தொலைத்துவிடலாம். எல்லோரோடும் சேர்த்து மாற்றினால் யார் கண்ணிலும் படாது.

தன் முறை வந்ததும் தோட்டாக்களை இறக்கிவிட்டு மேஜை மேல் வைத்தான். லைல் புதியதன் பெட்டியைத் திறந்து அவன் முன்னால் நகர்த்தினார்.

"இலேசு தம்பி. இடுப்புல இருக்கறதே தெரியாது."

பிறகு பழையதைப் புரட்டி, அதன் எண்ணைப் படித்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"இதுக்கு ஆள் இருக்கு. நம்பரைச் சொல்லியே கேட்டு வச்சிருக்காங்க."

விசாரணைச் செய்தி வந்தபோது பத்திரிகையில் அந்த எண்ணும் வந்திருந்தது.

அந்த மாதிரி ஆட்களை வெர்னனுக்குத் தெரியும். சம்பவம் நடந்த மாதம் மதுக்கடையில் முன்பின் தெரியாத ஒருவன் அவன் தோளைத் தட்டி, அதைக் கொஞ்சம் கையில் கொடு, போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றான். இன்னொருவன் வாழ்த்து அட்டை அனுப்பினான். பிறந்தநாளுக்கு அனுப்புவது போல, பலூன் படம் போட்டது.

இப்போது எவனோ இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, விருந்துக்கு வந்தவர்களுக்குக் காட்டப்போகிறான். தொட்டுப் பாருங்கள், நிஜமாகவே ஒருத்தனைக் கொன்றது.

வெர்னன் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டான்.

"நான் மாத்தலை. செத்தாலும் இதோடயே சாகறேன். கேட்ட நாய்கிட்ட சொல்லுங்க, இதுக்கு எச்சில் பொறுக்கித் தின்னலாம்னு."

லைல் வாயில் இருந்ததை மெல்ல மென்று விழுங்கினார்.

"அந்தப் பையனோட அம்மாவும் அப்பாவும்."

வேறு யார் காதிலும் அது விழவில்லை. அந்தப் பக்கம் டார்லா இன்னும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கினதும் என் பட்டறையிலயே துண்டு துண்டா அறுக்கணுமாம். நானே அறுத்துத் தர்றேன்னேன், வேணாம்னுட்டாங்க. ஒரு மாசமா சனிக்கிழமை சனிக்கிழமை வந்து, கட்டிங் மெஷினைப் பிடிச்சு பழைய தண்ணிக் குழாயை அறுத்துப் பழகிக்கிட்டிருக்காங்க. மொத நாள் பொறி பறந்ததும் பயந்து மெஷினைக் கீழ போட்டுட்டாங்க. இப்ப கோடு போட்ட மாதிரி அறுக்கறாங்க."

சொன்ன வார்த்தை இன்னும் வெர்னன் வாயிலேயே கிடந்தது, திரிந்த பால் மாதிரி. துப்பவும் இடமில்லை.

துப்பாக்கியை மறுபடி மேஜை மேல் வைத்தான். கையை மட்டும் அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

"என்கிட்ட ஏதாச்சும் சொல்லச் சொன்னாங்களா?"

"உன்கிட்ட ஒண்ணும் இல்ல. என்கிட்டதான் ஒண்ணு கேட்டாங்க. மறக்காம வந்து சொல்லணுமாம்."

"என்னன்னு?"

லைல் சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"நீயாக் குடுத்தியா, இல்ல பதிலுக்கு வேற ஒண்ணு வாங்கிக்கிட்டுக் குடுத்தியான்னு."

பெட்டிக்குள் புதியது எண்ணெய் மினுக்கோடு படுத்திருந்தது. வெர்னன் மூடியைச் சாத்தினான். பெட்டியை லைல் பக்கமாகத் தள்ளி, பழையதன் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

பத்து வருடமாக வலப்பக்கம் கனத்தோடு நடந்து பழகியவன். வாசல் படியில் இறங்கும்போது, பாவம், குடித்தவன் மாதிரி இடப்பக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.