தாய்க்குரல்

பால்குடி மறக்காத பூனைக்குட்டி மீனுக்கு வராது, தாயின் குரலுக்குத்தான் வரும். அதனால் பிராணி மீட்புக் குழுவின் பெனடிக்டா மீன்கடைத் தெருவில் குப்புறப் படுத்து, குட்டி விழுந்திருந்த சாக்கடையின் மூடியைத் திறந்து, "மியாவ்" என்று கூப்பிட்டாள். உள்ளேயிருந்து பதில் வந்ததும் தெருவே துள்ளியது. "சத்தம் போடாதீங்கப்பா!" என்று யாரோ அதட்ட, ஆட்டோக்காரர்கள்கூட இன்ஜினை அணைத்தார்கள். குட்டியின் குரல் நெருங்கி நெருங்கி வந்தது. கைக்கு எட்டப்போகிற நேரம் பார்த்து பெனடிக்டாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது. குட்டியும் அடங்கிவிட்டது. அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் கரகரவென்று ஒரு "மியாவ்". பூனையைக் கண்டாலே ஐஸ் தண்ணியை வீசியடிக்கும் மீன்கடை சூசை, சேற்றில் மண்டியிட்டிருந்தார். "என்னம்மா பாக்குற? கைய உள்ள விடு!" மறுபடி கூப்பிட்டார். இருட்டில் அவள் விரலை ஈரமாக ஏதோ முகர்ந்தது. அவள் காட்டிக்கொள்ளவில்லை. அவர் இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும்.