ஒரு கேன் சிவப்பு

காலை ஏழு மணிக்கே சாயக் கழிவுநீர் கேனைத் தூக்கிக்கொண்டு சாயப்பட்டறையின் மாடிப்படி ஏறியவனைப் பார்த்ததும் வாட்ச்மேனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

"தங்கச்சிக்கு ஒத்தாசையா, சார்? கூடப் பிறந்தவங்கன்னா இப்படித்தான் இருக்கணும்."

அண்ணன் கேனைக் கை மாற்றிக்கொண்டு மேலே ஏறினான்.

பன்னிரண்டு வருஷமாக அந்தச் சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டி அவன் பொறுப்பு. சுண்ணாம்பும் படிகாரமும் கொட்டி, சேற்றை அள்ளி, கை வெந்ததுதான் மிச்சம். முதலாளியான அப்பா ஒருநாள்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

தங்கை படிப்பை முடித்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வெள்ளைப் பொடி பூசிய நான்கு கண்ணாடித் தட்டுகளை மொட்டைமாடியில் வைத்து, "வெயில் பட்டா இந்தப் பொடியே சாயத்தை அழிச்சிடும்ப்பா" என்றாள். அன்றிலிருந்து அப்பா மூட்டுவலியை மறந்து தினம் இரண்டு தடவை மாடி ஏறுகிறார்.

இன்று கடைசிச் சோதனை. மாலையில் பார்த்துவிட்டு, பழைய தொட்டியை மூடுவதா வேண்டாமா என்று முடிவு சொல்லப்போகிறார்.

தட்டுகளில் கழிவுநீர் வெளிறிய ரோஜா நிறத்தில் கிடந்தது. அது ஏன் அவ்வளவு வெளிறியிருக்கிறது என்று யோசிக்கும் நிலையில் அவன் இல்லை. கேனைக் கவிழ்த்தான். நான்கு தட்டும் விளிம்புவரை ரத்தமாகச் சிவந்தன. வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

அன்று பகல் முழுக்க வெயில் கொளுத்தியது.

மாலை ஐந்து மணிக்கு மூவரும் மாடிக்குப் போனார்கள். அப்பா குனிந்து பார்த்தார். தட்டின் அடியில் பூசியிருந்த வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. கர்ச்சீப்பின் நுனியை நனைத்துப் பிழிந்தார். துளி கறை இல்லை.

"நீ சாதிச்சுட்டம்மா" என்று மகளின் தலையை வருடினார். "அடுத்த மாசத்தோட தொட்டியை மூடிடுடா" என்று மகனிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். தங்கை பக்கத்தில் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"காலையில நீ ஊத்தினதைத் தண்ணி டாங்க்குக்குப் பின்னால இருந்து பார்த்துட்டேன்."

அவன் முகம் வெளுத்தது. "அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாதே. தோத்துடுவேனோன்னு பயந்து விடியக்காலையிலயே வந்து பாதிக்குப் பாதி நல்ல தண்ணி கலந்து வச்சிருந்தேன். அப்பாவை ஏமாத்தப் பார்த்தேன். அந்த நேரத்துல நீ முழுச் சாயத்தையும் கொண்டுவந்து ஊத்தினே."

அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னை நானே நம்பாதப்போ, நீ நம்பினியே அண்ணா."