தண்ணீர்க் கூண்டு

"சார், இறங்கிடுச்சு! சர்க்கரை இறங்கிடுச்சு!"

ஆராய்ச்சி மாணவி கத்திய கத்தலில் பேராசிரியர் டீயை மேஜையெல்லாம் சிந்திவிட்டார்.

சர்க்கரை வியாதி உள்ள எலிகளின் வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்திருந்தாள். அவள் பிழிந்த இலைச்சாற்றைக் குடித்த கூண்டில் அத்தனை எலிக்கும் சர்க்கரை மளமளவென்று இறங்கியிருந்தது. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"வெறும் தண்ணி குடிக்கிற கூண்டைப் பார்த்தியா?"

"இதோ, இப்பவே பார்க்கிறேன் சார்!"

பார்த்தாள். முகம் தொங்கிப் போயிற்று. அந்தக் கூண்டிலும் இறங்கியிருந்தது.

"தண்ணிக்கே சர்க்கரை இறங்குதுன்னா உன் இலைக்கு என்னம்மா வேலை? மூட்டை கட்டிட வேண்டியதுதான்" என்றார் பேராசிரியர், வருத்தத்தோடுதான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாற்றை எடுத்து வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். பாட்டில் பாதி காலி. இவ்வளவு செலவாகியிருக்கவே கூடாதே!

அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. இந்த அறைக்கு இன்னொரு சாவி வைத்திருப்பவர் கூண்டு கழுவும் எலி மாமா ஒருவர்தான். எலிகளைத் திட்டாவிட்டால் அவருக்குப் பொழுதே போகாது. "சனியன்களா, நல்லா தின்னு தின்னு அசிங்கம் பண்ணுங்க. அள்ளத்தான் நான் இருக்கேனே!"

அவர் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. போன வாரம்தான், "இந்தச் சாறு நிஜமாவே கேக்குதா பாப்பா?" என்று துருவித் துருவி விசாரித்தார். முழு முடிவு வருமுன்பே இவளும் பெருமையாகத் தலையாட்டி வைத்தாள். வேறென்ன சாட்சி வேண்டும்?

"மாமா, சாறு எடுத்தீங்களா?"

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "எடுத்தேன்."

"மனுஷங்களுக்கு இன்னும் கொடுத்துப் பார்க்காத மருந்து மாமா! அத்தைக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அவளுக்கு எதுக்குக் குடுக்கப் போறேன்?" மாமா தண்ணீர்க் கூண்டைக் காட்டினார். "இதுங்க பாட்டில்லதான் கலந்தேன். ரெண்டு கூண்டுக்கும் ஒரே வியாதி. அதுக்கு மருந்து, இதுக்கு வெறும் தண்ணியா? நீ மறந்துட்டேன்னு நினைச்சேன். அப்புறம்தான் வேணும்னே பண்றேன்னு தெரிஞ்சுது. மனசு கேக்கலை பாப்பா."

அவள் அந்தக் கூண்டின் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். "எப்பலேருந்து?"

"போன வாரத்துலேருந்து."

"போன வாரம் வரைக்கும் இதுங்களுக்கு ஏறிக்கிட்டேதானே இருந்துச்சு!" குதித்தே விட்டாள். "சார்! தண்ணி இல்லை சார், இலைதான்! ரெண்டு கூண்டுலயும் என் இலைதான் சார்!"

ஓடி வந்த பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "எல்லாத்தையும் முதல்லேருந்து பண்ணணும். முதல்ல அந்த ஃபிரிட்ஜுக்கு ஒரு பூட்டு போடு!"

"போடறேன் சார்! இன்னிக்கே ஆரம்பிக்கிறேன் சார்!"

அவர் போனதும் அவளுக்கு ஒன்று உறுத்தியது. மாமாவைத் திருடன் என்று நினைத்துவிட்டோமே. மெல்லக் கேட்டாள்.

"கேக்கும்னு நம்பித்தானே இதுங்களுக்கு ஊத்தினீங்க? அத்தைக்கும் கொஞ்சம் எடுத்துட்டுப் போகணும்னு தோணவே இல்லையா மாமா?"

எலி மாமா துடைப்பத்தைக் கையில் எடுத்தார்.

"அவளுக்கு மாத்திரை வாங்கித் தர நான் இருக்கேன். இந்தச் சனியன்களுக்கு யார் இருக்கா?"